கியர் மாற்றத் தேவையில்லாத சிறிய கார்

கார் ஓட்டப் பழகும்போது நம்மைத் திணற வைப்பவை கிளட்ச்சும் கியரும்தான். மேட்டில் நின்ற காரைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவதற்குள் நெற்றி வியர்த்துவிடும். இத்தொல்லையைச் சிறிய கார்களில் தீர்க்க முனைந்தவர்களைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

கியர் எதற்கு? கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் இழுவிசை வேண்டும். சமதரையில் வேகம் வேண்டும். ஒரே எஞ்சின் இரண்டையும் தருவதற்காகப் பல்சக்கரங்களை மாற்றுகிறோம். மாற்றும் நேரத்தில் எஞ்சினைப் பிரித்து வைப்பது கிளட்ச்.

சிலர் பாதி வழி சென்றார்கள். 1960களின் பிற்பகுதியில் வந்த ஒரு வகை வோல்க்ஸ்வேகன் பீட்டிலில் கிளட்ச் மிதி இல்லை. கியர்க்கோலை நாம் பிடித்து அசைத்தாலே கிளட்ச் தானாக விலகும். ஆனால் கியரை நாமே மாற்ற வேண்டும்.

ஹாலந்து நாட்டின் டாஃப் நிறுவனம் முழு வழியும் சென்றது. ஹூப் வான் டோர்ன் என்பவரின் முயற்சியால், 1958-இல் டாஃப் 600 என்ற கார் மக்கள் பார்வைக்கு வந்தது. அதன் எஞ்சின் 590 சி.சி. மட்டுமே. அதில் பல கியர்களுக்குப் பதிலாக இரண்டு ரப்பர் பெல்ட்டுகள்! பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட்.

பெல்ட் ஓடும் கப்பி, எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புகளைப் போன்றது. எஞ்சின் வேகம் கூடும்போது, சுழலும் எடைகள் முன்கப்பியின் இரு பாதிகளையும் நெருக்கும். பெல்ட் வெளிப்புறமாக ஏறிப் பெரிய வட்டத்தில் ஓடும். அதே பெல்ட் பின்கப்பியின் பாதிகளை விலக்கி உள்ளே இறங்கும். இப்படி, குலுக்கலின்றி இழுவிசை குறைந்து வேகம் கூடும்.

இந்தக் காரைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்த எண்ணம் அழியவில்லை. ரப்பருக்குப் பதிலாக உருக்குப் பெல்ட் வந்தது. 1987-இல் சுபாரு ஜஸ்டியிலும், 2011-இல் நம் புரோட்டோன் சாகாவிலும் இம்முறை இடம்பெற்றது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தானியங்கிக் கார் என்றாலும், மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிப்போம். ஆக்சிலரேட்டரை மிதித்தே காரை நிறுத்தி வைத்தால், உள்ளே வழுக்கிச் சூடேறிப் பழுதாகும். இடது காலுக்கு ஓய்வு கிடைத்தது. கவனத்துக்கு ஓய்வு இல்லை.