புரி பிரிக்கும் நொதியங்கள்



ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் ஒரே உயிரணுவால் ஆனது. அதன் மரபுச் செய்தியில் பெரும்பகுதி உட்கருவில் உள்ளது. ஆயினும், இழைமணி எனப்படும் மைட்டோகாண்ட்ரியாவிற்குள் தனியே ஒரு சிறு டிஎன்ஏ உண்டு. அது தரும் புரதங்கள் எட்டே. அவையின்றி ஈஸ்ட் உயிர்வளியைக் கொண்டு ஆற்றல் பெற இயலாது.

1949-இல் பாரிஸில் போரிஸ் எஃப்ருசி, குறுகி வளரும் ஈஸ்ட் குழுமங்களைப் பற்றி அறிவித்தார். பிரெஞ்சு மொழியில் 'சிறியது' எனப் பொருள்படும் 'பெத்தீத்' என்பது அவற்றின் பெயராயிற்று. இழைமணி டிஎன்ஏ சிதைந்தோ அழிந்தோ போனதே அக்குறுக்கத்திற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவை சர்க்கரையை நொதிக்கச் செய்து பிழைத்துக்கொள்ளும். கிளிசரால் மட்டும் அளித்தால் வளரா. முற்றிலும் இழந்த டிஎன்ஏவை உயிரணு தானே மீண்டும் படைத்துக்கொள்ளவும் முடியாது.

அவ்விழப்பைத் தடுப்பவற்றுள் ஹெலிகேஸ் நொதியங்களும் அடங்கும். டிஎன்ஏ இரு புரிகளைத் திரித்த கயிறு போன்றது. படியெடுப்பதற்கும் பழுது நீக்குவதற்கும் புரிகளைப் பிரித்தாக வேண்டும். ஏடிபியின் ஆற்றலைச் செலவிட்டு அப்பணியைச் செய்வதே ஹெலிகேஸ்.

பெல்ஜியத்தில் பிரான்சுவாஸ் ஃபூரி குழுவினர் 1980களில் ஆராய்ந்த பிஃப்1 அத்தகையது. குவானின் மிகுந்த இடங்களில் டிஎன்ஏ நான்மடிப்பாகச் சிக்கிக்கொள்வதுண்டு. அச்சிக்கலையும் அவிழ்க்க வல்லது பிஃப்1. ஒரே மரபணுவிலிருந்து தோன்றும் அதன் ஒரு வடிவம் இழைமணிக்கும் மற்றொன்று உட்கருவிற்கும் செல்கின்றன. எச்எம்ஐ1 இல்லையேல் முழுமையான இழைமணி டிஎன்ஏ நிலைப்பதில்லை. ஐஆர்சி3 இல்லையேல் அந்த டிஎன்ஏவில் முறிவுகள் பெருகும். மூன்றும் ஹெலிகேஸ்களே; எனினும் ஒன்றின் குறையை மற்றவை முற்றிலும் ஈடுசெய்வதில்லை.

இது ஈஸ்டோடு முடிவதன்று. மனித இழைமணியிலும் 'டுவிங்கிள்' என்னும் ஹெலிகேஸ் உண்டு. அதன் மரபணுவில் நேரும் சில பிறழ்வுகள் கண்ணசைவுத் தசைகளைத் தளரச் செய்து இமைகளைத் தாழ்த்தும் நோயை விளைவிப்பதை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாணவர்களே, சர்க்கரை நிறைந்த தட்டில் பெத்தீத் சற்றுச் சிறிதாகத் தோன்றும், அவ்வளவே. கிளிசரால் தட்டுக்கு மாற்றும்போதுதான் அதன் இழப்பு முழுமையாக வெளிப்படும். ஆய்வில் எதைக் காண்கிறோம் என்பது எத்தட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது. இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டி அமர்கின்றேன்.