சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு கணக்கு



சத்திரசிகிச்சைக்கு நாட் குறித்துக் கொண்ட ஒருவர் வைத்தியரிடம் முதலிற் கேட்பது, "ஐயா, நான் சுகமடைவேனா?" என்பதே. புரொஸ்டேட் சுரப்பியிற் புற்றுநோய் கண்டவரிடத்து அக்கேள்வி மூன்றாகக் கிளைக்கின்றது. நோய் முற்றாக நீங்குமா? சிறுநீரை அடக்கும் ஆற்றல் மீளுமா? இல்லற வாழ்வு முன்போல் அமையுமா? பின்னிரண்டையும் பலர் வெட்கத்தாற் கேளாது விடுவர். கேளாமையால் வரும் துன்பம் வெட்கத்தினும் பெரிது.

சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருப்பது இச்சுரப்பி. அதன் இருமருங்கும் மெல்லிய நரம்புகள் செல்கின்றன. அந்நரம்புகளைக் காத்துச் சுரப்பியை அகற்றும் முறையை 1982இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பற்றிக் வோல்ஷ் செய்து காட்டினார். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரோபோக் கருவியும் இப்பணிக்கு வந்துள்ளது. கருவி தானாக அறுப்பதில்லை. சற்று விலகியிருந்து, பெருப்பித்த உருவத்தைப் பார்த்தவாறு வைத்தியர் தம் கைகளை அசைக்க, அவ்வசைவையே அதன் கைகள் உடலினுள்ளே செய்கின்றன. எனினும் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இம்முறையையும் பழைய முறையையும் ஒப்பிட்டு, 2016இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரங்களின் பின் சிறுநீரடக்கத்திலும் இல்லற ஆற்றலிலும் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே கருவியை மட்டும் நம்பி முடிவைக் கணித்தல் ஆகாது.

பின் எதைக் கொண்டு கணிப்பது? 1993இல் அலன் பார்ட்டின் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் அட்டவணையை வெளியிட்டனர். இரத்தத்திலுள்ள பீ.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவு, விரலாற் பரிசோதித்து அறியும் நோய்நிலை, சிறு திசுத்துண்டை நுணுக்குக்காட்டியிற் பார்த்து இடும் கிளீசன் புள்ளி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நோய் சுரப்பிக்குள் அடங்கியுள்ளதா, வெளியே பரவியுள்ளதா என்பதன் சாத்தியத்தை அது நூற்றுவீதத்திற் கூறும். காந்தப் படம் இன்று மேலும் துணை செய்கின்றது. சுரப்பிக்குக் கீழேயுள்ள சிறுநீர்க் குழாய்ப் பகுதி நீளமாயிருப்பின் சிறுநீரடக்கம் விரைவில் மீளும் வாய்ப்பு அதிகம். வயதும், முன்பிருந்த ஆற்றலும் இல்லற வாழ்வு மீளுதலைப் பெரிதும் நிர்ணயிக்கும். நோய் நரம்பை அணுகியிருந்தால், நரம்பைக் காப்பதா, நோயின் மிச்சத்தை விடாது களைவதா என்னும் இக்கட்டு எழும். அதனை அறுவைமேசைக்கு முன்பே பேசித் தெளிதல் நன்று.

எனினும் ஒன்றை மறவாதிருப்போமாக. பரீட்சைக்கு முன் ஒரு வகுப்பில் எத்தனை பேர் சித்தியடைவர் என்பதை ஆசிரியர் ஓரளவு கூறிவிடுவார். ஆனால், கடைசி வாங்கிலிருக்கும் அந்தப் பையன் தேறுவானா என்பதை அவரால் அறுதியிட்டுக் கூற இயலாது. இக்கணக்கும் அத்தகையதே. "நூற்றுக்கு எழுபது" என்றால், இவரைப் போன்ற நூறு பேரில் எழுபது பேர் என்பதே பொருள். இவர் அவ்வெழுபதிலா, எஞ்சிய முப்பதிலா என்பதை எவ்வட்டவணையும் கூறாது. மேலும், ஓர் ஊர் வைத்தியசாலையின் நோயாளரைக் கொண்டு வகுத்த கணக்கு வேறோர் ஊருக்கு அப்படியே பொருந்தாமலும் போகலாம்.

ஆதலின் வைத்தியரிடம் செல்வோர், "அட்டவணை என்ன கூறுகிறது?" என்பதோடு நில்லாது, "தாங்கள் சிகிச்சை செய்தவர்களுள் என்னைப் போன்றோர் ஓராண்டின் பின் எவ்வாறிருக்கின்றனர்?" என்றும் கேட்டல் வேண்டும். மனைவியும் அருகிருந்து கேட்டல் நலம். விளைவை முன்னறிந்து இசைந்தவர், பின்னர் வரும் குறையையும் மனந்தளராது தாங்குவர்.