மலைநாட்டின் ஏடுகள்

நூலமைப்புக் கலை என்றவுடன் மேலட்டையில் தீட்டப்படும் வண்ணப் படமே பலருடைய நினைவுக்கு வருகிறது. தாளின் அளவு, எழுத்தின் பருமன், கோடுகளின் இடைவெளி, ஓரத்தில் விடப்படும் வெற்றிடம், கட்டு ஆகிய யாவும் அக்கலையுள் அடங்குவனவே. இவை ஒவ்வொன்றும் ஏட்டைக் கையில் எடுப்பவரிடம் ஏதோ ஒன்றைச் சொல்கின்றன, எழுத்தறியாதவரிடமும் சொல்கின்றன. இதற்குச் சான்று வேண்டுவோர் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை நோக்கலாம். அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் நன்கு அறிந்திருந்த ஏடு கதைநூலுமன்று, பாட்டு நூலுமன்று. தோட்டத்துச் 'செக்ரோல்' என்னும் பேர்ப் பதிவேடே அது.

விடியுமுன் தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களத்தில் கூடியவர்களை இவ்வேடே வேலைக்கு அனுப்பியது. அகன்ற தாள், இடப்புறத்தில் ஆளின் பெயர், வலப்புறத்தில் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு கட்டம். வேலைக்கு வந்தவரின் கட்டத்தில் கணக்கப்பிள்ளை ஒரு குறி இடுவார். அவ்வளவே அந்த ஏட்டின் அமைப்பு. ஆயினும் அக்கட்டங்கள் பேச்சு மொழியையே மாற்றிவிட்டன. ஒரு நாள் வேலைக்கும் கூலிக்கும் 'பேர்' என்பதே பெயராயிற்று. கொழுந்து குறித்த இறாத்தலுக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' விழும். மனிதரின் பெயர் கூலியின் அளவையாகி, அதுவும் இரண்டாக வெட்டப்படக்கூடியதாகிவிட்டது. ஏட்டில் கோடு இழுத்தவர் இவ்வளவு தூரம் எண்ணியிருக்க மாட்டார்.

இதன் உடன்பிறப்பே 'துண்டு'. தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைச் செலுத்தினால் அவரை விடுவிக்கத் தோட்டம் இணங்குகிறதா என்பதைக் கூறும் சிறு காகிதம் அது. கடன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் காகிதத்தில் கைமாறும். ஆளும் அதன் பின்னே நடப்பார். 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிந்தது. தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவரப்பட்ட நாளில் கழுத்தில் கட்டிய தகரச் சீட்டும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஓர் ஏடுதானே! பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்குப் பத்தாண்டுகளின் பின்னரே தீர்ந்தது. இலங்கையில் எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் வந்ததோ 2003இல். இத்தனை காலமும் ஒரு குடும்பம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக் காத்தவை காகிதங்களே.

ஆகவே மலைநாட்டில் நூல் ஆக்கப் புகுந்தவர் எவரும் வெற்றுத் தாளில் தொடங்கவில்லை. மக்களை எண்ணிக் கட்டத்தில் அடைத்த ஒரு தாள் அவருக்கு முன்னரே அங்கு இருந்தது.

கோப்பிக் காலத்திலேயே நூல்கள் பிறந்தன. 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அவற்றுள் ஒன்று. 1881இல் இலண்டனில் ஹாமில்டனின் படங்களும் பாசனின் செய்யுட்களுமாகச் 'சீன்ஸ் இன் சிலோன்' வெளிவந்தது. படமும் பாட்டும் இணைந்து நடக்கும் அமைப்பில் அது தேர்ந்த நூல்தான். எனினும் அது துரைமாரின் வாழ்வைத் துரைமார் கண்டு சிரிப்பதற்கென ஆக்கப்பட்டது. அங்கே தூரிகை நிற்கும் இடம் பங்களாவின் முற்றம்.

லயத்து வாசலில் நின்று ஆக்கப்பட்ட ஏடுகளைக் காண இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் கொழும்பில் பத்திரிகை நடத்தியபின் ஹட்டனைத் தமது களமாகக் கொண்டார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென அங்கே சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபை புகுந்தார். தோட்டத்துக்குள் அயலார் நுழைவதற்குத் தடையிருந்த நாட்களில் அவர் புடவை வியாபாரி வேடத்தில் சென்றார் என்பர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார்.

அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களின் அமைப்பை இகழ்வோர் உண்டு. மலிவான தாள், தேய்ந்த அச்சு, நெருக்கிய வரிகள் என்பர். உண்மைதான். ஆயினும் அவை தமது வேலையை நன்கு அறிந்திருந்தன. மடியில் செருகக்கூடிய அளவு; சில சதங்கள் தந்தால் கிடைக்கும் விலை; பாட்டின் தலையில் யாவரும் அறிந்த ஒரு மெட்டின் பெயர். அந்த மெட்டின் பெயரே பெரிய உத்தி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் லயத்தில் இருந்தாற் போதும். மற்றவர்கள் மெட்டைப் பற்றிக்கொண்டு உடன் பாடிவிடுவர். கண்ணுக்காக அன்றிக் காதுக்காக அமைந்த தாள் அது. பொன்னெழுத்துப் பொறித்த கட்டுக்கு இத்திறன் இல்லை.

வட்டகொடைக்கருகே மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மறுவழி சென்றார். 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர், 1954இல் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சக்தீ பால-ஐயாவின் ஆக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழில் அது நூலானது 1969இல். எவரைப் பற்றிப் பாடப்பட்டதோ அவர்களுடைய மொழியில் அது ஏடாவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. அவர் தோட்டந்தோறும் திரட்டிய நாட்டுப்பாடல்களோ 1984இல் அவர் மறைந்தபின், 1987இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனத் தொகுதியாயின. அத்தொகுதி செய்த நன்மை பெரிது. எனினும் பாடல் அச்சேறும்போது தப்பின் அடியும் தாலாட்டின் இழுப்பும் கழன்று விழுந்துவிடுகின்றன. அவற்றைத் தாளில் எவ்வாறு நிறுத்துவது என்பது புலவரின் கேள்வியன்று, நூலமைப்பவரின் கேள்வி.

இத்தகைய கேள்விக்கு இலங்கைத் தமிழர் ஒருவர் அளித்த துணிவான விடை யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. ஓவியர் தா. சனாதனன் ஆக்கி 2011இல் வெளிவந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்னும் நூலே அது. தோம்பு என்பது போர்த்துக்கேயர் சொல். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுகளுக்கு அப்பெயர். போரால் வீடிழந்த 80 பேர் தத்தம் வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தனர். அதன்மேல் ஊடுதெரியும் தாளில் கட்டடக் கலைஞரின் திருத்தமான வரைபடம். அதையடுத்து ஓவியரின் வண்ணச் சித்திரம். முழுவதும் அலுவலகக் கோப்புப் போலக் கட்டப்பட்டிருக்கிறது. அரசாங்கம் காணியைப் பதிவதற்கு ஆக்கிய ஏட்டின் உருவை எடுத்து, இழந்தவர்களின் நினைவை அதில் பதிந்துவிட்டார். நடுங்கும் கோட்டின்மேல் நேர்கோடு படியும்போது, எது உண்மையான வீடு என்ற ஐயம் எழுகிறது. எந்தக் கட்டுரையும் இவ்வளவு விரைவில் அந்த ஐயத்தை எழுப்பிவிடாது.

இம்முறையை ஹட்டனுக்குக் கொண்டுவர விழைபவர் முதற்படியிலேயே தடுக்கி விழுவார். தோம்பில் பதிவதற்குக் காணி வேண்டும். லயத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காணி இல்லை. நினைவிலிருந்து வரையச் சொன்னாலும் 80 தாளிலும் ஒரே படமே வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே ஒரு சிறு திண்ணை, அடுத்த சுவர், அடுத்த காம்பரா. யாழ்ப்பாணத்து வீட்டைக் கிணறும் மாமரமும் படலையும் வேறுபடுத்திக் காட்டும். லயத்துக் காம்பராவையோ தோட்டமே வரைந்து முடித்துவிட்டது.

ஆனால் அக்கலைக்கு வேலையே அங்குதான் தொடங்குகிறது. ஒரே நீள்சதுரத்தைத் தாள்தோறும் அச்சிட்டு உள்ளேயுள்ளதை மட்டும் வீட்டாரே வரையட்டும். அடுப்பு எந்த மூலையில், சாமிப் படம் எந்தச் சுவரில், தொட்டில் எந்தக் கைமரத்தில், மணமான மகனுக்காகச் சாக்குத் திரை எங்கே தொங்கிற்று, பின்புறத்தில் தகரம் சார்த்தி எவ்வளவு இடம் பிடித்தார்கள் என்பன ஒவ்வொரு தாளிலும் வேறு வேறாக வரும். கட்டைச் செக்ரோலின் அகலத்திலேயே கட்டலாம். இடப்புறத்தில் பெயர் வரும் பத்தி ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது. அதில் முழுப் பெயரையே எழுதலாம்.