துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள்

நம் பல்லின் எனாமலில் தினமும் வரவு செலவு நடக்கிறது. இனிப்போ, சர்க்கரை போட்ட காபியோ உள்ளே போனதும் வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்கும். எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். உமிழ்நீர் அவற்றைத் திரும்பச் சேர்க்கும். அந்த வரவுக்குத் துணை ஃப்ளோரைடு. அது சிறிதளவாவது நெடுநேரம் பல்லில் தங்க வேண்டும்.

ஆகவே இரவு பல் தேய்த்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட் அட்டையில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். 3 வயதுக்குள் குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விழுங்க விடாதீர்கள்.

நம் வயதினருக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். சில பிரஷர் மாத்திரைகளால் வாய் உலரும். அப்போது வேரில் எளிதாகச் சொத்தை விழும். பல் மருத்துவரிடம் ஃப்ளோரைடு வார்னிஷ் பற்றிக் கேளுங்கள். பல்லில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரம் மெதுவாக ஃப்ளோரைடை விடும். வழக்கமாக 6 மாதத்துக்கு ஒருமுறை பூசுவார்கள்.

"தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடால்தானே பல் கறையானது?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருந்ததைச் சிறுவயது முதல் குடித்ததால் வந்தது அது. நாம் தேய்த்துத் துப்புகிறோம்; குடிப்பதில்லை.

இன்றிரவே தொடங்கலாம்.