புறாக் கூண்டருகே முயல் வந்தால்

(புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் உழவர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பொழுது விடியுமுன்பே பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பக்கங்களிலிருந்து கீரைக் கட்டும் கத்தரிக்காய் மூட்டையுமாக வந்து பெரிய மார்க்கெட்டில் இறக்குகின்ற உங்களில் பலர், வீட்டில் புறாவும் வளர்க்கிறீர்கள். நான் பயிர்ப் பாடம் நடத்துகிறவன். புறா என் பாடமல்ல. இருந்தும் இன்று புறாவையும் முயலையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் நான் அவசரத்தில் சொன்ன ஒரு வார்த்தை.

சென்ற தைப் பட்டத்தில் இதே மார்க்கெட்டில் ஒரு பெரியவர், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே என்னைக் கேட்டார்: "இராத்திரியில் கொல்லைக்கு முயல் வருகிறது தம்பி. காராமணிச் செடியைக் கத்தரித்துப் போடுகிறது. பக்கத்திலேயே புறாக் கூண்டு இருக்கிறதே, பறவைக்கு ஏதாவது வந்துவிடுமா?" எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "முயலால் நோய் பரவும் ஐயா, அண்ட விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

பெரியவர் என் சொல்லை நம்பினார். எலிக்கு வைக்கும் கருப்புத் தூளை, அதாவது சிங்க் பாஸ்பைடை, நொய்யில் பிசறி மாலையில் வரப்போரம் தூவி வைத்தார். முயலுக்குப் பசுந்தழைதான் பிரியம். நொய்யை அது சீண்டவில்லை. காலையில் கூண்டைத் திறந்துவிட்டதும் புறாக்கள் நேரே வரப்பில் இறங்கின. மாலைக்குள் பதினொரு புறாக்கள் செத்தன. அவற்றில் இரண்டு ஜோடிகளுக்குக் கூட்டில் குஞ்சு இருந்தது. புறாக் குஞ்சு முதல் சில நாட்கள் தாயும் தகப்பனும் தம் இரைப்பையில் சுரந்து ஊட்டுகிற பாலை மட்டுமே உண்டு வளரும். நாம் எதையாவது கரைத்து ஊட்டிப் பிழைக்க வைப்பது எளிதல்ல. அந்த நான்கு குஞ்சுகளும் போயின. அன்றிரவு முயல் வழக்கம்போல வந்து காராமணியைக் கடித்துவிட்டுப் போனது.

"நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனம் கொஞ்சம் இலேசாகியிருக்கும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், வருவது எது என்று அறிந்துகொள்ள வேண்டும். புறா வளர்ப்பு பற்றி மேல்நாட்டார் எழுதிய புத்தகங்களில், காட்டு முயல் கூண்டுக்கு அடியில் வளை தோண்டும், அஸ்திவாரத்தைப் பறிக்கும், அந்த வளையில் பிறகு எலி குடியேறும் என்றெல்லாம் எச்சரிக்கை இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்குள்ள முயல் வேறு இனம். நாம் கூண்டில் வளர்க்கின்ற வெள்ளை முயலும் அந்த இனத்திலிருந்து வந்ததுதான். நம் சவுக்குத் தோப்பிலும் முந்திரிக் காட்டிலும் திரிவதோ பிடரியில் கரும்பட்டை உள்ள இந்திய முயல். இது வளை தோண்டுவதே இல்லை. புல் மறைவில் உடலளவுக்கு ஒரு பள்ளம் அமைத்துப் பகலெல்லாம் அதில் பதுங்கிக் கிடக்கும். வளை முயலின் குட்டி மயிரின்றிக் கண் மூடியபடி பிறக்கும். இதன் குட்டியோ மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும்.

ஆகவே உங்கள் புறாக் கூண்டின் அடியில் வளை இருந்தால் முயலைச் சந்தேகிக்க வேண்டாம். அது பெருச்சாளியின் வேலை, அல்லது வரப்பெலியின் வேலை. வளைவாயில் புது மண் குவிந்து, வாய் தளர்ந்த மண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று கொள்ளலாம். இளஞ்செடி கத்தியால் சாய்த்து அறுத்தாற்போல் ஒரே வெட்டாக வெட்டுப்பட்டு, அருகில் உருண்டைப் புழுக்கை கிடந்தால் அது முயல் மேய்ந்த இடம். ஆடு மேய்ந்தால் செடி பிய்ந்திருக்கும். இந்த அடையாளங்களைப் பார்க்காமல் மருந்தைத் தேடிப் போவது வீண் செலவு, சில சமயம் அதைவிட மோசம்.

இனி நோய்க்கு வருகிறேன். முயலிடமிருந்து புறாவுக்கு நோய் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயப்படுகின்ற அளவுக்கு இல்லை. மேல்நாட்டில் முயல் கூட்டங்களை அழித்த மிக்சோமா நச்சுயிரியும், முயல் இரத்தக்கசிவு நோயும் பறவைகளைத் தொடுவதில்லை. இரத்தக்கழிச்சல் நோய் முயலுக்கும் உண்டு, புறாவுக்கும் உண்டு. ஆனால் முயலைத் தாக்கும் நுண்ணுயிரி வேறு, புறாவைத் தாக்குவது வேறு; ஒன்றின் கிருமி மற்றொன்றின் குடலில் வளராது. பொதுவாக இருப்பவை இரண்டு. ஒன்று சால்மோனெல்லா. இது முயல், எலி, கோழி, புறா, மனிதன் எவரையும் விடாது. எச்சம், புழுக்கை விழுந்த தண்ணீரிலும் தீவனத்திலும் பரவும். மற்றொன்று பாஸ்டுரெல்லா. முயலின் மூக்கில் சளி ஒழுக வைக்கும் கிருமியும், பறவைகளில் கோழிக் காலரா உண்டாக்கும் கிருமியும் ஒரே இனத்தவை.

இவ்விரண்டிலும் கவனம் தேவைப்படுவது இராத்திரியில் கொல்லையோரம் வந்து போகின்ற காட்டு முயலைவிட, நாமே வாங்கி வந்து புறாக் கூண்டுக்கு அடியில் அடைத்து வைக்கின்ற வீட்டு முயலிடத்தில்தான். இடம் மிச்சமாகிறது என்று மேலே புறா, கீழே முயல் என வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புறா எச்சம் முயலின் தழையில் விழுகிறது. முயலின் சிறுநீர் வாடை கூண்டு முழுவதும் ஏறுகிறது. இரண்டையும் தனித்தனிக் கொட்டகையில் வையுங்கள். இயலாவிட்டால் இரண்டில் ஒன்றை வளர்த்தால் போதும்.

உண்மையான ஆபத்து முயலுக்குப் பின்னால் வருவதில் இருக்கிறது. முயல் ஏன் கூண்டருகே வருகிறது? அங்கே பசும்புல்லும் புதரும் இருக்கின்றன. காய்கறிக் கழிவு இருக்கிறது. முயலை இழுக்கின்ற அதே புதரும் குப்பையும், சிந்திய தானியமும் சேர்ந்தால் எலியை இழுக்கும். எலியைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வரும். கீரியும் பூனையும் வரும். எலி முட்டையைத் தின்னும், குஞ்சைக் கடிக்கும், தீவனத்தில் சிறுநீர் கழிக்கும். அந்தச் சிறுநீர்தான் நம்மவர்க்கு எலிக் காய்ச்சலைக் கொண்டுவருவது. காலில் வெடிப்போடு சேற்றில் இறங்குகிற நமக்கு இது கூடுதல் கவலை. முயலைக் கண்டீர்களானால், கூண்டைச் சுற்றித் துப்புரவு குறைந்துவிட்டது என்பதற்கு அதை ஓர் அறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பெரிய மார்க்கெட்டையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மார்க்கெட்டை என்பதைவிட, மார்க்கெட்டிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துப் போவதை. காய் விற்றுத் தீர்ந்ததும் முட்டைகோசு மேல்தழை, காலிஃபிளவர் தழை, தரையில் சிந்திய தானியக் கூட்டல் இவற்றைச் சாக்கில் அள்ளிப் போகிறவர்கள் உண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கிறதே என்ற எண்ணம். தழையைக் கொல்லைக் குழியில் போட்டு மண் மூடி மக்க வைத்தால் நல்ல எருவாகும். கூண்டோரம் குவித்து வைத்தால் அது முயலுக்கு விருந்து. தானியக் கூட்டலையோ புறாவுக்குப் போடவே வேண்டாம். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் முற்றிலும் போகாது. மேலும் தானியம் சிந்துகிற எந்த இடத்திலும் எலி மருந்து வைத்திருக்கக்கூடும். விதைக்கென்று மருந்து கலந்து வாங்கிய விதையில் மிச்சமானதைப் புறாவுக்கு இறைப்பதும் இதே கணக்குத்தான்.

வளர்ந்த புறா ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் தானியம் போதும். இருபது ஜோடி வைத்திருப்பவர் ஒன்றரைக் கிலோவை இரண்டு வேளையாகப் பிரித்துத் தொட்டியில் வைத்து, பறவை தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தரையில் இறைத்துப் பழகியவர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றும். ஒரு மாதம் செய்து பாருங்கள், தீவனச் செலவு குறைவது உங்களுக்கே தெரியும்.

கூண்டை மூன்றடி உயரக் கால்களில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலிலும் தகரத்தைப் புனல்போல் கவிழ்த்து அடித்தால் எலி ஏறாது. கம்பி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மிகக் கூடாது. சுண்டெலிக்குக் கால் அங்குலம் வேண்டும். கோழி வலை என்று விற்கிற பெரிய கண் வலை புறாவை உள்ளே வைக்கும், எலியை வெளியே வைக்காது. கூண்டைச் சுற்றி ஆறடிக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வையுங்கள். திறந்த வெளியில் முயலும் எலியும் நிற்க அஞ்சும்.

காராமணியைக் காப்பது எப்படி? முயல் சேதம் பெரும்பாலும் முளைத்த முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான். அதுவரை பழைய புடவையைக் குச்சி நட்டுச் சுற்றிலும் மூன்றடி உயரத்துக்கு இழுத்துக் கட்டினால் போதும். அடிக்கரையை மண்ணில் புதைத்துவிட வேண்டும். மீனவ நண்பர்களிடம் பழைய வலை கிடைக்கும். ஆனால் தளர்வாகக் கட்டிய வலையில் சாரையும் முயலும் சிக்கிக்கொள்ளும் என்பதால் நான் புடவையையே விரும்புகிறேன். கண்ணி வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. காட்டு முயல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பிடிப்பதும் கொல்வதும் இறைச்சியை விற்பதும் குற்றம். 2022-இல் செய்த திருத்தத்தில் அபராதமும் உயர்ந்திருக்கிறது.

எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டியே நல்லது. வயலில் T வடிவக் குச்சி நட்டால் இரவில் ஆந்தை வந்து அமர்ந்து எலி பிடிக்கும். புறாவை மாலையிலேயே அடைத்துவிடுங்கள். சிங்க் பாஸ்பைடு வைத்தே தீர வேண்டுமென்றால் வளைக்குள் மட்டும் வைத்து வாயை அடைக்க வேண்டும். வரப்பில் தூவக் கூடாது. மருந்து வைத்த இரண்டு மூன்று நாட்கள் புறாவைத் திறந்துவிடாதீர்கள். செத்த எலிகளைக் கையுறையோடு எடுத்து, நாயும் பூனையும் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். இந்த மருந்து வயிற்றில் ஈரம் பட்டதும் நச்சு வாயுவாக மாறுகிறது. இதற்கு முறிவு மருந்து கிடையாது, மனிதருக்கும் கிடையாது. சமையற்கட்டில், பழைய காப்பித்தூள் டப்பாவில் இதை வைத்திருக்கும் வீடுகளையும் நான் அறிவேன்.

புதிதாக வாங்கும் புறாவை எங்கிருந்து வாங்கினாலும் மூன்று வாரமாவது தனிக் கூண்டில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வையுங்கள். வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போல் படிகிற நோய், பழைய பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வழியாகத்தான் வந்து சேர்கிறது. முயல்மேல் பழி போடுகிற பல சாவுகளுக்கு இப்படிப்பட்ட காரணம் இருக்கும். எச்சத்தை வாரும்போது முதலில் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத் தூள் நுரையீரலுக்குக் கேடு. வாரிய எச்சத்தைச் சாணத்தோடு சேர்த்து மக்கவைத்த பிறகே செடிக்கு இடவேண்டும்.

ஒரு பறவை காரணம் தெரியாமல் செத்தால், இரண்டு பாலிதீன் பைகளில் போட்டுப் பனிக்கட்டியில் வைத்து அன்றே குரும்பாப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். ஒரே நாளில் பல பறவைகள் செத்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். கூடவே அன்று கூண்டருகே யார் என்ன தூவினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரியவர் தம் பறவைகளைக் கொண்டுபோனபோது அதைச் சொல்லக் கூசினார். நான்தான் உடன் போய்ச் சொன்னேன்.