வறண்ட சீமையும் வெள்ளச் சேதமும்



எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 80 செண்டிமீட்டர் அளவே. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணலாகவே கிடக்கும். இத்தகைய சீமையில் வாழ்வோர்க்கு வெள்ளத்தைப் பற்றிக் கவலை எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணமே ஆபத்தானது.

மதுரையிலிருந்து எங்கள் ஊர் வழியாகச் செல்லும் பெருஞ்சாலை தூத்துக்குடியை அடைகிறது. அதுவும் மழை குறைந்த சீமையே. ஆயினும் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நிகழ்ந்தது யாது? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை கொட்டிற்று. எங்கள் ஊர் ஓராண்டில் காணும் மழையினும் அது மிகுதி! தாமிரபரணி கரைபுரண்டது. நாங்கள் கண்மாய் என்பதை அங்கே குளம் என்பர். குளங்கள் சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேற்குளம் உடைந்தால் அந்நீர் முழுவதும் கீழ்க்குளத்தின்மீது பாயும். அதன் கரையும் தாங்காது. பல குளங்கள் உடைப்பெடுத்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், பாதை அரிக்கப்பட்டமையால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதில் வந்த ஏறத்தாழ 800 பேர் சிக்கித் தவித்தனர். தாமும் மழையில் அல்லலுற்ற அக்கம்பக்கத்துக் கிராமத்தார் அவர்களுக்கு உணவு சமைத்தளித்தனர்.

தென்மாவட்டங்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தித்தாள்களின் கணக்கு அத்துடன் முடிந்துவிடும். ஆசிரியனாக இருந்த நான் அறிந்த கணக்கு வேறு. அது வகுப்பின் வருகைப் பதிவேட்டில் உள்ளது. வெள்ளம் வடிந்து ஓரிரு மாதங்கள் சென்ற பின்னரே அங்கு அதன் சேதம் தெரியவரும். இடிந்த வீட்டைக் கட்டப் பொருள் தேடித் தந்தை வெளியூர் செல்வார். தாய் கூலி வேலைக்குப் போவாள். தம்பி தங்கையரைப் பேண மூத்த பெண் வீட்டிலேயே நின்றுவிடுவாள். என் பணிக்காலத்தில், எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்று உடைந்த ஆண்டில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று அழைத்தேன். "ஆடு வாங்கிய கடன் தீரட்டும் ஐயா, வருகிறேன்" என்றான். ஆடுகள் வெள்ளத்தோடு போயின; கடன் மட்டும் நின்றது. அவன் திரும்பி வரவேயில்லை.

2023இல் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்திற்கு 6,000 ரூபாய் நிவாரணமாக அளிக்கப்பட்டது. அத்தொகை அடுப்பெரிய உதவும். இழந்த கறவை மாட்டை மீட்டுத் தராது.

ஆகவே வெள்ளம் வருமுன் காப்பதே அறிவுடைமை. வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய் நிரம்பாது; கலிங்கு அடைபட்டால் கண்மாய் உடையும். வறட்சியையும் வெள்ளத்தையும் கொணர்வது ஒரே அசட்டைதான். முன்னோர் குடிமராமத்து என்று ஊர் கூடிச் செய்த பணியின் பொருள் இதுவே. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் எவ்வழி வருகிறது, மிகுநீர் எவ்வழி செல்கிறது என்பதை நேரில் சென்று அறியுங்கள். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடும்போது, முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள்.

இன்னும் ஒன்று. மழைக்காலம் கழிந்தபின் உங்கள் வகுப்பில் எவருடைய இடமேனும் தொடர்ந்து காலியாக இருந்தால், ஆசிரியரிடம் தெரிவியுங்கள். அந்தத் தோழரின் வீடு தேடிச் செல்லுங்கள். சுவரைப் பின்னர் எழுப்பிக்கொள்ளலாம். நின்றுபோன படிப்பை மீண்டும் தொடங்குவது எளிதன்று.