ஆற்றின் இரு கரைகள்



பள்ளி விடுமுறையில் பேருந்து அமர்த்திக்கொண்டு தாமான் நெகாராவுக்குச் சென்று வருவோர் நம்மிடையே உண்டு. அந்த வனத்தைக் குறித்துச் சில கருத்துகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது இவ்வனம். 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஒதுக்கப்பட்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியிருந்த இது, சுதந்திரத்திற்குப் பின் இன்றைய பெயரைப் பெற்றது. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய குனோங் தஹான் (2,187 மீட்டர்) இங்கேதான் உள்ளது.

முன்பு கோலா தெம்பெலிங் படகுத் துறையிலிருந்து பல மணி நேரம் ஆற்றில் பயணம் செய்தே கோலா தஹானை அடைய வேண்டும். இன்று சாலையும் உண்டு. அங்கே ஆற்றின் ஒரு கரையில் கிராமமும் தங்கும் விடுதிகளும், நீரில் மிதக்கும் உணவுக்கடைகளும் இருக்கின்றன. மறு கரையில் வனம் தொடங்குகிறது. ஒரு கரையில் வருமானம். மறு கரையில் அவ்வருமானத்தின் மூலதனம். மூலதனத்தைத் தின்று எவரும் நெடுநாள் வாழ்ந்ததில்லை.

காட்டு விலங்குகள் உப்பு மண்ணைத் தேடி வரும் இடங்களில், பயணிகள் இரவு தங்கிக் காணக் குடில்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கு ஒருவர் உரக்கப் பேசினாலும் போதும், விலங்குகள் நெருங்கமாட்டா. பார்க்க வந்தவரே காட்சியைக் கெடுத்தவராகிறார். நாடு முழுவதிலும் காட்டில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவற்றின் முக்கியப் புகலிடங்களுள் இவ்வனமும் ஒன்று.

நம் முன்னோர் காடு வெட்டி ரப்பர் நட்டவர்கள். மலைச்சரிவில் மரங்களை அகற்றினால் அடுத்த மழையிலேயே ஆறு செந்நிறமாக ஓடுவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஆகவே இதனை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

சுற்றுலா வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. படகோட்டிகள், வழிகாட்டிகள், கடைக்காரர்கள் அதனால் பிழைக்கின்றனர். கட்டடங்கள் கிராமக் கரையோடு நிற்கட்டும். காடு தாங்குமளவுக்கே பயணிகள் உள்ளே செல்லட்டும். காட்டையே நம்பி வாழும் பாத்தேக் பூர்வகுடி மக்களை வேடிக்கைப் பொருளாக எண்ணாது, அவர்கள் இருப்பிடத்தில் விருந்தினராக நடந்துகொள்வோம். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வருவோம்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். படகில் ஏறுமுன் இவற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.